விசிறி சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை: டிரெய்லர் ஃபர்னஸ் எப்படி வேலை செய்கிறது?

கேம்பிங் டிரெய்லரில் அறையைச் சூடாக்கும் ஃபர்னஸ் பெட்டி சூடு தரவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "சிலிண்டர் காலியாகியிருக்கும்" என்பார் ஒருவர். "இக்னைட்டர் போயிருக்கும், மாத்திடுங்க" என்பார் இன்னொருவர். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் "போர்டு அவுட்" என்று தீர்ப்பே எழுதிவிடுவார். மூவரில் ஒருவரும் பெட்டிப் பக்கம் போய்க் காது கொடுத்துக்கூடக் கேட்டிருக்க மாட்டார். அந்தப் பேச்சை நம்பிப் புது போர்டு வாங்கி மாட்டிவிட்டு, அப்புறமும் போர்வைக்குள் நடுங்குகிறவர்கள் நிறைய.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், ஃபர்னஸையும் சமையல் அடுப்பையும் நாம் ஒரே கணக்கில் வைக்கிறோம். கேஸ் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் எரியாது என்பது அடுப்புக்குச் சரி. டிரெய்லர் ஃபர்னஸ் எரியாமல் நிற்கும் பல நேரங்களில் கேஸும் இருக்கும், தீப்பொறி தரும் இக்னைட்டரும் நன்றாகவே இருக்கும். எரிவதற்கு அனுமதிதான் கிடைத்திருக்காது. அந்த அனுமதியை யார் தருகிறார்கள், எந்த இடத்தில் அது நிற்கிறது என்று தெரிந்தால், ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன்பே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே பேசுவது வட அமெரிக்க டிரெய்லர்களில் இருக்கும், புரொப்பேன் கேஸில் எரியும் ஃபர்னஸைப் பற்றி. சபர்பன், டோமெட்டிக், பழைய டிரெய்லர் என்றால் ஆட்வுட் என்ற பெயர்களை அதன் மேல் பார்ப்பீர்கள். இலை நிறம் மாறுவதைப் பார்க்க அக்டோபரில் டொராண்டோவிலிருந்து அல்கோன்குவின் பூங்காப் பக்கம் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிற நம்மவர்கள் இப்போது கொஞ்சம் பேர் உண்டு. பகலில் இதமாக இருக்கும் அந்த மாதத்தில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். இந்தப் பெட்டியின் அருமை அப்போதுதான் தெரியவரும்.

## இரண்டு காற்று, ஒரே மோட்டார்

ஃபர்னஸுக்குள் இரண்டு காற்றோட்டங்கள் ஓடுகின்றன. ஒன்று தீக்குரியது. வெளியிலிருந்து காற்றை இழுத்து, கேஸோடு கலந்து எரித்து, புகையை மறுபடி வெளியிலேயே தள்ளிவிடும். டிரெய்லரின் வெளிச்சுவரில் ஒரு குழாய் வாய் தெரியுமே, தொட்டால் சுடுமே, அது இதற்கானது. இன்னொன்று நம் அறைக்குரியது. அறைக் காற்றை உள்ளே இழுத்து, சூடாக்கி, தரையில் இருக்கும் துவாரங்கள் வழியாகத் திருப்பி அனுப்பும்.

இந்த இரண்டும் கலக்கவே கூடாது. நடுவில் ஒரு உலோகச் சுவர் இருக்கிறது. உள்பக்கம் தீ, வெளிப்பக்கம் அறைக் காற்று. தீயின் சூடு மட்டும் உலோகத்தைத் தாண்டி வரும், புகை வராது. இந்த உலோக அறைக்குப் பெயர் வெப்பமாற்றி. டிரெய்லரில் தூங்குகிறவர்களின் உயிர் இந்தச் சுவர் ஓட்டை இல்லாமல் இருப்பதில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: இந்த இரண்டு காற்றையும் தள்ளுவது ஒரே ஒரு மோட்டார். அதன் அச்சில் ஒரு முனையில் தீக்கான சின்னச் சக்கரம், மறுமுனையில் அறைக்கான பெரிய சக்கரம். மோட்டார் சோர்ந்தால் அறைக்கு வரும் காற்று மட்டும் குறைவதில்லை, தீக்குப் போக வேண்டிய காற்றும் குறைகிறது. போதிய காற்றில்லாமல் எரிகிற தீ கார்பன் மோனாக்சைடைக் கக்கும். ஃபர்னஸ் இவ்வளவு பிடிவாதமாக விசிறியைச் சோதிப்பது இதனால்தான்.

அந்த மோட்டார் ஓடுவது 12 வோல்ட் மின்சாரத்தில். கேம்ப் மைதானத்தின் 120 வோல்ட் பிளக்கில் டிரெய்லரைச் செருகியிருந்தாலும் ஃபர்னஸுக்குப் போவது 12 வோல்ட்தான். நடுவில் கன்வர்ட்டர் என்ற பெட்டி 120-ஐ 12 ஆக மாற்றித் தருகிறது. பிளக் இல்லாத இடத்தில் பேட்டரி தருகிறது. "இது கேஸ் ஹீட்டர், இதற்கு எதுக்கு கரண்ட்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

## சீரியல் லைட் கணக்கு

கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பழைய சீரியல் லைட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வயரில் வரிசையாகப் பல்புகள். நடுவில் ஒரே ஒரு பல்பு ஃபியூஸ் போனாலும் மொத்த வரிசையும் அணைந்துவிடும். அணைந்து கிடக்கும் நூறு பல்பில் கெட்டது ஒன்றுதான். எதிரில் நின்று பார்க்கிறவருக்கு நூறும் கெட்டதாகத் தெரியும்.

ஃபர்னஸின் கேஸ் வால்வுக்குப் போகும் மின்சாரமும் இப்படித்தான் வரிசையாக ஒவ்வொரு காவலையும் தாண்டிப் போக வேண்டும். இப்படிப்பட்ட அமைப்புக்குத் தொடர் மின்சுற்று என்று பெயர். ஒரு காவல் திறந்திருந்தாலும், அதாவது அதன் மின் இணைப்பு பிரிந்திருந்தாலும், வால்வு திறக்காது, கேஸ் வராது. சீரியல் லைட்டைவிட இதில் நமக்கு ஒரு வசதி அதிகம். இங்கே எல்லாம் ஒரே நொடியில் நடப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, காதில் விழும்படி நடக்கிறது. எந்தச் சத்தத்துக்குப் பிறகு நின்றது என்று கவனித்தால் எந்தப் பல்பு போனது என்று தெரிந்துவிடும்.

சரி, வரிசையைப் பார்ப்போம். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான்.

தெர்மோஸ்டாட் "சூடு வேண்டும்" என்று சொல்கிறது. தெர்மோஸ்டாட் என்பது அறையின் வெப்பத்தைப் பார்த்துத் தானே இணைந்து, தானே பிரியும் ஒரு ஸ்விட்ச். உடனே விசிறி சுற்றத் தொடங்கும், சில மாடல்களில் சில நொடிகள் தாமதித்துச் சுற்றும். இந்த நேரத்தில் வருவது குளிர்ந்த காற்று. பயப்பட ஒன்றுமில்லை, அப்படித்தான் வர வேண்டும். முந்தைய முயற்சியில் எரியாமல் தங்கிய கேஸ் ஏதாவது இருந்தால் அதை வெளியே ஊதித் தள்ளிவிட்டுத்தான் அடுத்த வேலை.

விசிறி போதிய வேகம் எடுத்ததும் செயில் ஸ்விட்ச் மூடிக்கொள்ளும், அதாவது அதன் மின் இணைப்பு சேரும். இது காற்றோட்டத்தின் வழியில் தொங்கும் ஒரு மெல்லிய தகடு. காற்று பலமாக அடித்தால் தகடு நகர்ந்து ஸ்விட்சை அழுத்தும். "விசிறி சுற்றுகிறது" என்பது இதற்குப் போதாது, "காற்று நிஜமாகவே வருகிறது" என்பதுதான் வேண்டும். இதே சுற்றில் லிமிட் ஸ்விட்ச் என்று இன்னொன்று உண்டு. பெட்டி அளவு மீறிச் சூடானால் திறந்துகொள்ளும், மற்ற நேரமெல்லாம் மூடியே இருக்கும்.

இரண்டும் சரியென்றால் போர்டு வேலையைக் கையில் எடுக்கிறது. போர்டு என்பது இந்த நாடகத்தை நடத்தும் சிறு மின்னணு அட்டை. சுமார் 15 நொடி காத்திருந்து, கேஸ் வால்வைத் திறக்கும், அதே நேரத்தில் தீப்பொறியும் விடும். 'டக்' என்று வால்வு திறப்பதும் 'டிக் டிக் டிக்' என்று பொறி அடிப்பதும் வெளிப்புறக் குழாய் அருகில் நின்றால் நன்றாகக் கேட்கும். தீ பிடித்தால் 'ஊஃப்' என்று ஒரு சத்தம். சுமார் 7 நொடிக்குள் தீ தெரியவில்லை என்றால் போர்டு வால்வை மூடிவிடும். இப்போதைய பல போர்டுகள் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டுக் கைகழுவிவிடும். தெர்மோஸ்டாட்டை அணைத்துத் திரும்பப் போட்டால்தான் மறுபடி ஆரம்பிக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தெர்மோஸ்டாட், விசிறி, செயில் ஸ்விட்ச், லிமிட் ஸ்விட்ச், போர்டு, அதற்குப் பிறகுதான் கேஸும் தீப்பொறியும். கேஸ் இந்த வரிசையின் கடைசி ஆள். முதலில் சந்தேகப்படுவதோ அவரைத்தான்.

## ஒரு சத்தமும் இல்லை

விசிறிகூடச் சுற்றவில்லை என்றால் கேஸைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் 12 வோல்ட் ஃபியூஸ் பெட்டியில் ஃபர்னஸ் என்று எழுதிய ஃபியூஸைப் பாருங்கள். சில ஃபர்னஸ்களில் பெட்டியிலேயே ஒரு ஆன்-ஆஃப் ஸ்விட்ச் இருக்கும். யாரோ சுத்தம் செய்யும்போது கை பட்டு அணைந்திருக்கலாம்.

அடுத்தது தெர்மோஸ்டாட். இரண்டே வயர் வரும் எளிய வகையாக இருந்தால் அதைக் கழற்றி அந்த இரண்டு வயரின் நுனியையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பாருங்கள். சில நொடிகளில் விசிறி கிளம்பினால் குற்றவாளி தெர்மோஸ்டாட். ஏசியையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் பல வயர் வகையில் இந்த வேலை வேண்டாம். எந்த வயர் எதற்கு என்று தெரியாமல் தொடுவது புதுச் செலவில் கொண்டுபோய் விடும்.

## விசிறி மட்டும் சுற்றுகிறது: பேட்டரியைப் பாருங்கள்

அதிகம் வரும் புகார் இதுதான். விசிறி சுற்றுகிறது, குளிர்ந்த காற்று வந்துகொண்டே இருக்கிறது, பொறிச் சத்தமே இல்லை. பொறி அடிக்கவில்லை என்பதால் இக்னைட்டரை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். பொறி அடிக்காததற்குக் காரணம் போர்டுக்கு இன்னும் அனுமதி வரவில்லை என்பதாக இருக்கலாம். அனுமதி வராததற்குக் காரணம், பல நேரம், பேட்டரி.

விசிறி மோட்டார் நிறைய மின்சாரம் தின்னும். நடுத்தர டிரெய்லரின் ஃபர்னஸ் ஓடும்போது சுமார் 7 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். குளிரான இரவில் பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால் 35 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய டிரெய்லர்களோடு வரும் சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு 75 ஆம்பியர்-மணி அளவில் இருக்கும். அதில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆக, விளக்கு, தண்ணீர் பம்ப் எதையும் தொடாமல் இருந்தாலே ஒரே இரவுக்குச் சரியாகப் போய்விடும். போதாததற்குக் குளிரில் அந்தப் பேட்டரியின் கொள்ளளவும் சுருங்கும்.

முழுதாகச் சார்ஜ் ஆன லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் அடிமட்டம். வோல்ட் குறையும்போது மோட்டார் நிற்காது. மெதுவாகச் சுற்றும். நம் காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, செயில் ஸ்விட்சின் தகடுக்குத் தெரியும். அது நகராது. கேஸ் திறக்காது. சூடு வராததால் தெர்மோஸ்டாட் விசிறியை நிறுத்தவும் சொல்லாது. விசிறி விடிய விடிய குளிர்காற்றை ஊதி மிச்சமிருக்கும் பேட்டரியையும் காலி செய்யும். ஒன்பது மணிக்கு நன்றாக வேலை செய்த ஃபர்னஸ் அதிகாலை மூன்று மணிக்குப் பனிக்காற்று வீசுகிற மர்மம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

சோதனை எளிது. டிரெய்லரைக் கரண்ட் பிளக்கில் செருகுங்கள். பிளக் இல்லாத இடமென்றால் ஜெனரேட்டரை ஓடவிடுங்கள். கன்வர்ட்டர் 13 வோல்ட்டுக்கு மேல் தரும். அப்போது ஃபர்னஸ் ஒழுங்காக எரிந்தால், கெட்டது ஃபர்னஸ் இல்லை. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும், பேட்டரியில் ஒருமுறை, முடிந்தால் ஃபர்னஸுக்கு வரும் வயரிலும் ஒருமுறை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் நடுவில் எங்கோ பச்சை பிடித்த இணைப்போ தளர்ந்த எர்த்தோ இருக்கிறது. விசிறி நிற்கும்போது எடுத்த அளவு பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

## பேட்டரி நன்றாக இருந்தால் செயில் ஸ்விட்ச்

இப்போது அந்தத் தகட்டின் முறை. டிரெய்லரில் நாய் பயணம் செய்கிறதா? அதன் முடியும், கம்பளியின் பஞ்சும், தூசியும் விசிறியோடு சேர்ந்து உள்ளே போய் இந்தத் தகட்டில் சுற்றிக்கொள்ளும். தகடு நகர முடியாது. சுத்தம் செய்தால் பிழைத்துவிடும். தொடர்புப் புள்ளிகள் தேய்ந்துபோயிருந்தால் மாற்ற வேண்டியதுதான். விலை குறைந்த சின்னப் பாகம், ஆனால் பல மாடல்களில் அதை எடுக்க ஃபர்னஸையே வெளியே இழுக்க வேண்டியிருக்கும். கூலி அதனால்தான் ஏறுகிறது.

ஃபர்னஸைப் பிரிக்கும் முன் அறைக் காற்று உள்ளே போகும் ஜன்னல்போன்ற கம்பித் தடுப்பைப் பாருங்கள். அதன் முன்னால் செருப்பும் பையும் குவிந்து கிடப்பது வழக்கம். காற்று உள்ளே போக வழியில்லை என்றால் தகடு எப்படி நகரும்?

இந்த இடத்தில்தான் இணையத்தில் ஒரு ஆபத்தான ஆலோசனை சுற்றுகிறது: "செயில் ஸ்விட்சின் இரண்டு வயரையும் சேர்த்துக் கட்டிவிடு, ஓடும்." ஓடும், உண்மைதான். ஒரே மோட்டார் இரண்டு காற்றையும் தள்ளுகிறது என்று பார்த்தோமே, அதை நினைத்துப் பாருங்கள். விசிறி சோர்ந்திருக்கும்போது வலுக்கட்டாயமாகக் கேஸைத் திறந்தால் தீக்குப் போதிய காற்று இருக்காது, வெப்பமாற்றியிலிருந்து சூட்டை எடுத்துச்செல்லவும் காற்று இருக்காது. உள்ளே ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

## பொறி அடிக்கிறது, தீ வரவில்லை: இப்போது கேஸ்

'டிக் டிக் டிக்' கேட்கிறது, 'ஊஃப்' வரவில்லை. இப்போதுதான் கேஸைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. இங்கேயும் ஒரு தவறான முடிவு உடனே வந்துவிடும்: "அடுப்பு எரியுது, அதனால கேஸ் சரி." அடுப்பின் ஒரு பர்னருக்கு ஏழாயிரம் எட்டாயிரம் பி.டி.யூ. போதும். பி.டி.யூ. என்பது வட அமெரிக்காவில் வெப்பத்தை அளக்கும் அலகு. ஃபர்னஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு 20,000 முதல் 35,000 வரை வேண்டும். சொட்டுச் சொட்டாக வரும் கேஸில் அடுப்பு எரியும், ஃபர்னஸ் எரியாது.

கேஸின் அழுத்தத்தைக் குறைத்து ஒரே சீராகத் தரும் பாகம் ரெகுலேட்டர். சிலிண்டருக்குள் 21 டிகிரி செல்சியஸில் சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு அளவில் அழுத்தம் இருக்கும். ரெகுலேட்டர் அதை அரை பவுண்டுக்கும் கீழே கொண்டுவந்துவிடும். இதைத்தான் டெக்னீஷியன்கள் "11 அங்குலத் தண்ணீர்" என்பார்கள், வளைந்த குழாயில் தண்ணீரை 11 அங்குலம் உயர்த்தும் அளவு என்று பொருள். வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: அடுப்பில் இரண்டு பர்னரை எரியவிட்டு, ஃபர்னஸை ஓடவிடுங்கள். ஃபர்னஸ் பற்றும் நேரத்தில் அடுப்புத் தீ சுருங்கி வாடினால் கேஸ் போதிய அளவில் வரவில்லை.

போதாமல் வருவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. சிலிண்டர் இணைப்பில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. கேஸ் திடீரென்று வேகமாகப் பாய்ந்தால் குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்து வழியை ஏறக்குறைய அடைத்துவிடும். சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தாலும் அது ஏமாந்துவிடும். எல்லா அடுப்பையும் அணைத்து, சிலிண்டரை மூடி, சில நிமிடம் விட்டு, மிக மெதுவாகத் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். புது சிலிண்டர் மாட்டியவுடன் குழாயில் காற்று அடைபட்டிருக்கும். முதலில் அடுப்பைப் பற்றவைத்து அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டு ஃபர்னஸைத் தொடுவது நல்லது.

அப்புறம் "குளிரில் கேஸ் உறைந்துவிட்டது" என்ற பேச்சு. புரொப்பேன் உறைய வேண்டுமானால் மைனஸ் 188 டிகிரி வேண்டும், பூமியில் எந்த கேம்ப் மைதானமும் அவ்வளவு குளிராது. நடப்பது வேறு. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்து ஆவியானால்தான் நமக்குக் கேஸ். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும். வெளிக்குளிர் அந்த அளவை நெருங்க நெருங்க ஆவியும் அழுத்தமும் குறையும். சிலிண்டர் பாதிக்குக் கீழே இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் வெளிச் சூட்டை வாங்கும் உலோகப் பரப்பில் திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி குறைவு. கடும் குளிரில் முழு சிலிண்டர் ஒழுங்காகத் தர, கால் சிலிண்டர் தடுமாறுவது இதனால்தான். நம் ஊர்ச் சமையல் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கிறது. பியூட்டேனின் கொதிநிலை பூஜ்யத்தை ஒட்டியது. கனடா, அமெரிக்காவில் ஏறக்குறைய சுத்தமான புரொப்பேனை விற்பதற்குக் குளிரும் ஒரு காரணம்.

கேஸ் எவ்வளவு நேரம் வரும் என்ற கணக்கும் தெரிந்திருக்கட்டும். 20 பவுண்டு சிலிண்டரில், அதாவது சுமார் 9 கிலோவில், ஏறக்குறைய 4,30,000 பி.டி.யூ. இருக்கிறது. 30,000 பி.டி.யூ. ஃபர்னஸ் நிற்காமல் எரிந்தால் 14 மணி நேரம். விட்டு விட்டு எரிவதால் நடைமுறையில் இரண்டு மூன்று இரவு வரும். உறைபனி இரவுகளில் ஒன்றரை இரவிலேயே முடிந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

கோடை முழுதும் சும்மா கிடந்த ஃபர்னஸ் என்றால் வெளிக்குழாயை டார்ச் அடித்துப் பாருங்கள். மண் குளவிக்கு அந்த அளவுத் துவாரம் மிகவும் பிடிக்கும். கூடு கட்டியிருந்தால் காற்று வழி அடைபட்டு ஃபர்னஸ் முரண்டு பிடிக்கும். குழாய் வாயில் கரி அப்பியிருந்தால் அது வேறு கதை. தீ சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஆள் வந்து பார்க்கும்வரை ஃபர்னஸை ஓட்டக் கூடாது.

## பற்றுகிறது, உடனே அணைகிறது

'ஊஃப்' என்று தீ பிடிக்கிறது. சில நொடியில் அணைகிறது. மறுபடி முயற்சி, மறுபடி அணைப்பு. மூன்று தடவைக்குப் பிறகு மௌனம். கேஸ் இருக்கிறது, பொறியும் இருக்கிறது, தீயும் வந்தது. போர்டு மட்டும் தீ வந்ததை நம்பவில்லை.

போர்டு தீயைக் கண்ணால் பார்ப்பதில்லை, சூட்டாலும் அறிவதில்லை. தீச்சுடர் கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும் என்ற இயற்பியல் உண்மையைத்தான் நம்புகிறது. சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கம்பிக்கு எலக்ட்ரோட் என்று பெயர். பல மாடல்களில் பொறி அடிப்பதும் தீயை உணர்வதும் ஒரே எலக்ட்ரோட்தான். போர்டு அந்தக் கம்பியில் மின்னழுத்தம் கொடுக்கும். சுடர் இருந்தால் அதன் வழியே பர்னருக்கு ஒரு துளி மின்சாரம் பாயும், ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்கு. அந்தத் துளி கிடைத்தால் "தீ இருக்கிறது", கிடைக்காவிட்டால் "தீ இல்லை, கேஸை மூடு".

இவ்வளவு நுண்ணிய மின்சாரம் என்பதால் சின்ன அழுக்கும் அதைத் தடுத்துவிடும். கம்பியில் படிந்த கரியும் துருவும், பீங்கான் உறையில் மயிரிழை விரிசல், பர்னருக்கான எர்த் தளர்ந்திருப்பது, போர்டு செருகும் இடத்தில் பச்சை பிடித்திருப்பது, எதுவாகவும் இருக்கலாம். எலக்ட்ரோடை நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துத் துடைத்தாலே பல ஃபர்னஸ்கள் எழுந்துவிடும். நுனிக்கும் பர்னருக்கும் நடுவில் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், தேய்க்கும்போது வளைத்துவிடாதீர்கள். பென்சில் ரப்பரால் போர்டின் தொடர்பு விளிம்பைத் துடைப்பது பழைய மெக்கானிக் வித்தை, இன்றும் பலிக்கிறது. ஃபியூஸை உருவிவிட்டு, சிலிண்டரை மூடிவிட்டு இதையெல்லாம் செய்யுங்கள்.

பல நிமிடம் நன்றாக எரிந்து பிறகு அணைந்து, விசிறி ஓடி, மறுபடி எரிந்தால் கதை வேறு. அது லிமிட் ஸ்விட்சின் வேலை. சூடான காற்று வெளியேற வழியில்லாமல் பெட்டி கொதிக்கிறது. தரைத் துவாரத்தின் மேல் மிதியடி போட்டிருப்பீர்கள், அல்லது படுக்கைக்குக் கீழே சாமான் அடுக்கும்போது காற்றுக் குழாய் நசுங்கியிருக்கும். ஒரு அறை அதிகம் சுடுகிறது என்று அங்கே துவாரத்தை அடைப்பவர்களும் உண்டு. ஃபர்னஸுக்கு இத்தனை துவாரம் திறந்திருக்க வேண்டும் என்று கையேட்டில் கணக்கு இருக்கிறது.

இந்தப் பகுதியின் சாரம்: சில நொடியில் அணைந்தால் தீயை உணரும் பக்கம் பாருங்கள், சில நிமிடம் கழித்து அணைந்தால் காற்று வெளியேறும் பக்கம் பாருங்கள்.

## கை வைக்கக் கூடாத இடங்கள்

கேஸ் வால்வையும் ரெகுலேட்டரையும் வீட்டில் பிரிக்கக் கூடாது. கேஸ் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்ப்பதோடு நம் எல்லை முடிகிறது. வெப்பமாற்றியில் விரிசல் என்ற சந்தேகம் வந்தால் ஃபர்னஸை நிறுத்திவிட வேண்டும், ஒட்டுப்போட்டு ஓட்டும் பொருள் இல்லை அது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஃபர்னஸ் ஓடும்போது எல்லோருக்கும் சேர்ந்து தலைவலி, குமட்டல் என்றால் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் முதலில் வெளியே வாருங்கள்.

கார்பன் மோனாக்சைடையும் கேஸ் கசிவையும் கண்டறிய டிரெய்லரில் இருக்கும் கருவிகளுக்குக் காலாவதி உண்டு. பின்பக்கம் திருப்பித் தேதியைப் பாருங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதற்கான கருவி தரையை ஒட்டி இருப்பது இதனால்தான். அதன் மேல் துணியையோ பையையோ போட்டு மூடாதீர்கள்.

ஃபர்னஸ் மக்கர் செய்கிறது என்று சமையல் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குவது இன்னொரு வழக்கம். அடுப்புக்கு வெளிக்குழாய் கிடையாது. எரிவது அறைக் காற்றில், புகை சேர்வதும் அதே அறையில். தூங்கும்போது இதைச் செய்வதைவிட இன்னொரு போர்வை தேடுவது மேல்.

## டெக்னீஷியனிடம் என்ன சொல்வது

இவ்வளவும் பார்த்துச் சரியாகவில்லை என்றால் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். அப்போது "ஃபர்னஸ் வேலை செய்யல" என்று சொல்லாமல், எந்தக் கட்டத்தில் நின்றது என்று சொல்லுங்கள். "விசிறி வருது, பொறி அடிக்கல, பிளக்கில் போட்டாலும் அப்படித்தான்" என்றால் அவர் செயில் ஸ்விட்சை எடுத்துக்கொண்டு வருவார். "பத்தி ஏழு நொடியில அணையுது" என்றால் எலக்ட்ரோடோடு வருவார். சில போர்டுகளில் ஒரு சிறு விளக்கு குறிப்பிட்ட எண்ணிக்கையில் கண் சிமிட்டும். எத்தனை தடவை என்று எண்ணிச் சொல்லுங்கள், அதன் பொருள் அவருடைய கையேட்டில் இருக்கும். மாடல் எண்ணும் தொடர் எண்ணும் பெட்டியில் ஒட்டிய லேபிளில் இருக்கும், வெளிக்கதவைத் திறந்தால் பல மாடல்களில் கண்ணில் படும். அதை ஃபோனில் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிட்டால், பாகம் தேடி இரண்டாவது தடவை வருகிற கூலி மிச்சம்.